சென்னை–ஊட்டி, ஐந்து பேர், இரண்டு இரவு: ஆன்லைன் முன்பதிவு எங்கே சிக்குகிறது

எடுத்துக்கொண்ட பயணம் இது. 2026 மே 8 வெள்ளிக்கிழமை இரவு சென்னை சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் (12671) ஏறுவது. 9-ஆம் தேதி சனிக்கிழமை காலை மேட்டுப்பாளையத்தில் இறங்கி, 7.10 மலை ரயிலில் ஊட்டி போவது. சனி, ஞாயிறு இரண்டு இரவும் அங்கே தங்கல். 11-ஆம் தேதி திங்கள் பிற்பகல் 2 மணி மலை ரயிலில் கீழே இறங்கி, அன்றிரவே நீலகிரி எக்ஸ்பிரஸில் (12672) சென்னை திரும்புவது.

போகிறவர்கள் ஐந்து பேர்: கணவன், மனைவி, 67 வயதுப் பாட்டி, 9 வயதுப் பையன், 4 வயதுப் பெண் குழந்தை. குறிப்பிட்ட யாருடைய வீட்டுக் கதையும் அல்ல. கோடை விடுமுறையில் தமிழ்நாட்டில் அதிகம் திட்டமிடப்படும் பயணங்களில் ஒன்று என்பதாலும், ஆன்லைன் முன்பதிவின் எல்லாச் சிக்கலும் ஒரே இடத்தில் கூடி நிற்கும் பயணம் என்பதாலும் இதை மாதிரியாக வைத்துக்கொண்டோம்.

பெரும்பாலான குடும்பங்கள் ரூமில் இருந்துதான் தொடங்குகின்றன. ஹோட்டல் தளத்தில் தள்ளுபடி தெரிகிறது, "இன்னும் 1 ரூம்தான் மீதி" என்று சிவப்பில் எழுதியிருக்கிறது, உடனே பணம் கட்டிவிடுகிறார்கள். அடுத்து நீலகிரி எக்ஸ்பிரஸ். கடைசியில்தான் மலை ரயில். அதற்குள் அது வெயிட்டிங் லிஸ்ட் காட்டுகிறது. ரூமை ரத்து செய்தால் பணம் வராது, தேதியை மாற்றவும் முடியாது.

இந்த வரிசை தலைகீழானது. ஊட்டியில் ரூம்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நீலகிரி எக்ஸ்பிரஸ் கிடைக்காவிட்டால் பயணத்துக்கு முந்தைய நாள் திறக்கும் அவசர ஒதுக்கீடான தட்கல் இருக்கிறது, பேருந்து இருக்கிறது. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஊட்டி வரை போகும் வழக்கமான மலை ரயில் காலையில் அந்த ஒன்றுதான். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே 12 அடிக்கு 1 அடி என்ற ஏற்றத்தில் பல்சக்கரத் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிற வண்டி. அதனால் சில பெட்டிகளுக்கு மேல் சேர்க்க முடியாது. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு வெளிநாட்டவரும் தேடி வருகிறார்கள். எனவே எது மிகக் குறைவாக இருக்கிறதோ அதன் தேதியை ஒட்டியே மற்ற எல்லாம் அமைய வேண்டும். மலை ரயில் கையில் வந்த பிறகுதான் ரூமுக்குப் பணம்.

நாள் கணக்கு

2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 120 நாளுக்குப் பதில் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பயண நாள் இந்தக் கணக்கில் சேராது. காலை 8 மணிக்குத் திறக்கும். நம் பயணத்துக்குக் கணக்கு இப்படி வருகிறது:

மே 8 நீலகிரி எக்ஸ்பிரஸ்: மார்ச் 9, திங்கள்.
மே 9 மலை ரயில் (மேலே): மார்ச் 10, செவ்வாய்.
மே 11 மலை ரயில் (கீழே), அதே இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ்: இரண்டும் மார்ச் 12, வியாழன்.

இதில் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். இரவு ரயிலும் மறுநாள் மலை ரயிலும் வெவ்வேறு நாளில் திறக்கின்றன. அதாவது மார்ச் 9 அன்று நீலகிரி எக்ஸ்பிரஸ் வாங்கும்போது, மலை ரயில் கிடைக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த ஒரு நாள் துணிந்து பணம் போடத்தான் வேண்டும். மறுநாள் மலை ரயில் கிடைக்காவிட்டால் நீலகிரி டிக்கெட்டை வைத்துக்கொள்வதா, ரத்து செய்வதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருப்பது நல்லது. வைத்துக்கொள்வதே சரி என்பது எங்கள் கருத்து. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு அரசுப் பேருந்து இருக்கிறது. கோடை வெள்ளிக்கிழமை இரவு ரயிலில் உறுதியான பெர்த்தைக் கைவிட்டால் திரும்பக் கிடைப்பது அரிது.

இரண்டாவது இடம் மார்ச் 12. திரும்பும் நாளின் இரண்டு ரயிலும் ஒரே நிமிடத்தில் திறக்கின்றன. ஒருவர் ஒரு கணக்கில் உட்கார்ந்து ஒன்றன்பின் ஒன்றாக வாங்கினால், முதல் டிக்கெட்டுக்குப் பணம் கட்டி முடிப்பதற்குள் இரண்டாவது போய்விடும். போதாததற்கு, காலை 8 முதல் 10 வரை ஒரு கணக்கில் 2 டிக்கெட்டுக்கு மேல் எடுக்கவும் முடியாது. கணவன் கணக்கில் மலை ரயில், மனைவி கணக்கில் நீலகிரி என்று இரண்டு கணக்கு, இரண்டு போன் வேண்டும்.

திறக்கும் நாளுக்கு முன்பே முடிக்க வேண்டியவை

ரயில் டிக்கெட் எடுக்கும் தளமான ஐஆர்சிடிசியின் கணக்கில் ஆதார் சரிபார்ப்பு இல்லையென்றால் மார்ச் மாதக் காலை வேலையில் இறங்கவே முடியாது. 2025 ஜூலை 1 முதல் தட்கலுக்கு ஆதார் சரிபார்த்த கணக்கு கட்டாயம். அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் சாதாரண முன்பதிவுக்கும், திறந்த முதல் 15 நிமிடம் அத்தகைய கணக்குகளுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். பின்னர் அந்த நேரத்தைப் படிப்படியாக நீட்டினார்கள். போலிக் கணக்குகளை வைத்து டிக்கெட்டை அள்ளுவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

தமிழ்ப் பெயர்களுக்கு இங்கே ஒரு தனித் தொல்லை உண்டு. ஆதாரில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், ஐஆர்சிடிசி கணக்கில் முன்னால் இனிஷியல், அல்லது அப்பா பெயர் முழுவதும் "கடைசிப் பெயர்" என்ற கட்டத்தில். பெயர், பாலினம், பிறந்த தேதி மூன்றும் ஆதாரில் உள்ளபடி பொருந்தாவிட்டால் சரிபார்ப்பு தோற்றுப்போகும். கணக்கில் பெயரை ஆதார் எழுத்தோடு எழுத்தாக மாற்றிவிட்டு, அதன் பிறகு சரிபார்ப்பை ஓட்ட வேண்டும். ஆதாரோடு இணைந்த போன் எண் பழைய எண்ணாக இருந்தால் ஓடிபி வராது. அதை ஆதார் மையத்தில் மாற்றி முடிக்க நாளாகும். எனவே பிப்ரவரியிலேயே பார்த்துவிட வேண்டிய வேலை இது.

அடுத்து மாஸ்டர் லிஸ்ட். பயணிகளின் பெயர், வயது, பெர்த் விருப்பம் எல்லாவற்றையும் கணக்கில் முன்பே சேமித்து வைத்தால் 8 மணிக்குத் தட்டச்சு செய்ய வேண்டாம், பெயரைத் தொட்டால் போதும். தானாக நிரப்பித் தரும் வெளி மென்பொருள்களைப் பயன்படுத்த வேண்டாம். 2025-இல் சந்தேகத்துக்குரிய கணக்குகள் 2.5 கோடிக்கு மேல் முடக்கப்பட்டன. அந்த வலையில் உங்கள் கணக்கும் சிக்கினால் கோடைப் பயணமே போய்விடும்.

நிலையப் பெயரிலும் தடுமாற்றம் வரும். தேடும் கட்டத்தில் ஊட்டி என்று அடித்துத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நிலையத்தின் பெயர் உதகமண்டலம், குறியீடு யுஏஎம். மேட்டுப்பாளையம் எம்டிபி. குறியீட்டை அடித்தால் நேராக வந்து நிற்கும்.

யாருக்கு எந்த டிக்கெட்

ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் போடலாம். ஒரு டிக்கெட்டில் 6 பேர் வரை இடமுண்டு. ஆனால் அப்படிப் போட்டால் பாட்டிக்கு லோயர் பெர்த் கிடைக்காமல் போகலாம். 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் தனியாக லோயர் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது. அது தனியாகவோ, தகுதியுள்ள இருவராகவோ எடுக்கும் டிக்கெட்டுக்கு மட்டுமே பொருந்தும். இளையவர்களோடு சேர்த்து எடுத்தால் அந்த ஒதுக்கீட்டில் கணக்கில் வராது; "லோயர் பெர்த்" என்று விருப்பம் குறித்தாலும் அது வெறும் விருப்பம்தான்.

ஆகவே பாட்டிக்குத் தனி டிக்கெட், ஒதுக்கீடு என்ற பட்டியலில் மூத்த குடிமக்கள் என்பதைத் தேர்ந்து எடுக்க வேண்டும். இதில் ஒரு நஷ்டமும் உண்டு: வேறு பெட்டியில் இடம் விழலாம். மூட்டுவலி உள்ளவர் என்றால் வேறு பெட்டியானாலும் கீழ் பெர்த்தே மேல், இரவு படுக்கும் வரை பேரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளலாம். தனியாக விட முடியாத நிலை என்றால் ஐந்து பேரையும் சேர்த்து எடுத்து, "குறைந்தது ஒரு லோயர் பெர்த் கிடைத்தால் மட்டும் பதிவு செய்" என்ற தேர்வைப் போடலாம். வயதுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது என்பதால் எப்படி எடுத்தாலும் கட்டணத்தில் வித்தியாசம் இல்லை.

குழந்தைகள் விஷயத்தில் அதிகம் பேர் சறுக்குவது 4 வயதுக் குழந்தையிடம்தான். 5 வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் தேவையில்லை, ஆனால் பெர்த்தும் கிடையாது. தனி இடம் வேண்டுமானால் பயணிகள் பட்டியலில் சேர்த்து முழுக் கட்டணம் கட்டலாம். கைக்குழந்தை என்ற பகுதியில் பெயரைப் போட்டால் இடம் ஒதுக்கப்படாது. இரவு ரயிலில் அம்மாவோடு படுத்துக்கொள்ளும் குழந்தைக்கு இது போதும். மலை ரயிலிலோ ஏறத்தாழ ஐந்து மணி நேரம் மடியில் வைத்திருக்க வேண்டும். இருக்கைகள் நெருக்கமானவை, கால் நீட்ட இடமில்லை. மலை ரயிலில் மட்டும் அவளுக்கும் ஒரு இருக்கை எடுத்து, ஐந்தாகப் பதிவு செய்வதே சரி. 9 வயதுப் பையனுக்குப் படுக்கை வகுப்பில் பெர்த் வேண்டாம் என்றால் அரைக் கட்டணம், வேண்டுமென்றால் முழுக் கட்டணம். இருக்கை வகுப்பில் அந்த அரைக் கட்டண வழி இல்லை.

காலை 8 மணி

7.50-க்கு உள்ளே நுழைந்து, நிலையங்களும் தேதியும் போட்டு வைத்திருக்க வேண்டும். அதிக நேரம் சும்மா விட்டால் தளம் தானே வெளியே தள்ளிவிடும், அதனால் 7.30-க்கே நுழைந்து காத்திருப்பதில் பயனில்லை. 8 மணி ஆனதும் வகுப்பைத் தொட்டு இருப்பைப் புதுப்பித்து, பயணிகளைத் தேர்ந்து, கேப்சா அடித்து, பணம் கட்டும் பக்கத்துக்குப் போக வேண்டும்.

இங்கேதான் பலருக்குப் புரியாத விஷயம் இருக்கிறது. திரையில் "இருப்பு 23" என்று காட்டினால் அந்த 23-இல் 5 உங்களுக்காகப் பிடித்து வைக்கப்படவில்லை. பணம் சென்று சேர்ந்த பிறகுதான் இடம் ஒதுக்கப்படுகிறது. நீங்கள் ஓடிபிக்காகக் காத்திருக்கும் முக்கால் நிமிடத்தில் மற்றவர்கள் பணம் கட்டி முடித்தால், உங்கள் கைக்கு வருவது வெயிட்டிங் லிஸ்ட். "உறுதியான இடம் கிடைத்தால் மட்டும் பதிவு செய்" என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தால் டிக்கெட் விழாது, கட்டிய பணம் திரும்பி வரும். போடாவிட்டால் வெயிட்டிங் டிக்கெட் விழுந்துவிடும். அதை ரத்து செய்யத் தலைக்கு 60 ரூபாய் பிடிப்பார்கள். கடைசிவரை உறுதியாகாமல் தானே ரத்தானாலும் அந்தப் பிடித்தம் உண்டு. மலை ரயிலில் இந்த டிக்கை விடவே கூடாது. இருக்கை குறைவு, ரத்து செய்பவர்களும் குறைவு, அதனால் அங்கே வெயிட்டிங் லிஸ்ட் மெதுவாகத்தான் நகரும்.

பணம் கட்ட வேகமான வழி ஐஆர்சிடிசியின் சொந்த இ-வாலட். முன்பே பணம் ஏற்றி வைத்திருந்தால் வங்கிப் பக்கத்துக்குப் போய்த் திரும்ப வேண்டியதில்லை. அடுத்தது யுபிஐ, இதில் சேவைக் கட்டணமும் குறைவு, ஏசி இல்லாத வகுப்புக்கு 10 ரூபாய், ஏசிக்கு 20 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி. மற்ற வழிகளில் 15, 30. கிரெடிட் கார்டில் ஓடிபி தாமதமாவதால் திறக்கும் காலையில் அதை நம்ப வேண்டாம்.

பணம் போய், டிக்கெட் வரவில்லை

அடிக்கடி நடப்பது இதுதான், அதிகம் பதற வைப்பதும் இதுதான். வங்கியில் பணம் கழிந்த குறுஞ்செய்தி வந்துவிட்டது, திரையில் பிழை. பதற்றத்தில் உடனே மறுபடி பதிவு செய்தால், முதல் டிக்கெட்டும் விழுந்திருந்து இரண்டு டிக்கெட் ஆகிவிடும் ஆபத்து உண்டு. முதலில் "பதிவு செய்த டிக்கெட்டுகள்" பகுதியைத் திறந்து டிக்கெட்டின் பதிவு எண்ணான பிஎன்ஆர் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே இல்லை, தோல்வியடைந்த பரிவர்த்தனைகளில் இருக்கிறது என்றால் தயங்காமல் மறுபடி முயலலாம். பழைய பணம் கட்டிய கணக்குக்கே திரும்பும்.

யுபிஐயில் பணம் கழிந்து விற்பவரிடம் உறுதி சேராவிட்டால், 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-இல் விதி செய்திருக்கிறது. தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இந்த 5 நாளைப் பொறுக்க முடியாமல் கூகுளில் "வாடிக்கையாளர் சேவை எண்" தேடுகிறவர்கள்தான் மோசடிக்காரர்களிடம் மாட்டுகிறார்கள். திரையைப் பகிரச் சொல்லும் செயலியைப் போட வைத்து, மிச்சப் பணத்தையும் எடுத்துக்கொள்வார்கள். ஐஆர்சிடிசிக்கு 14646, ரயில்வேக்கு 139. வேறு எண் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும். சீக்கிரம் அழைத்தால் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

ரூம்

மார்ச் 12 காலை நான்கு ரயிலும் கையில் வந்த பிறகு ரூம். தளங்களில் தேடும்போது "2 பேர்" என்று தானாகப் போட்டிருக்கும். அதை 3 பெரியவர், 2 குழந்தை என்று மாற்றி, குழந்தைகளின் வயதையும் கொடுத்தால்தான் உண்மை விலை தெரியும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: பட்டியலில் ஓர் இரவுக்கு 2,800 ரூபாய். இரண்டு இரவுக்கு 5,600 என்று மனம் கணக்குப் போடும். கூடுதல் மெத்தை இரவுக்கு 900 என்றால் 1,800 சேரும், மொத்தம் 7,400. அதன் மேல் 5 சதவீத ஜிஎஸ்டி 370 (2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான ரூமுக்கு இந்த விகிதம்). கையிலிருந்து போவது 7,770. இரண்டு பேர் என்று பதிவு செய்துவிட்டு ஐவராகப் போய் நின்றால், இதே கூடுதலை வரவேற்பு மேசையில், அவர்கள் சொல்லும் விலைக்குக் கொடுக்க நேரும். ரூமின் ஆள் வரம்பு 3 என்றால் இன்னொரு ரூம் எடுக்கச் சொல்லவும் செய்வார்கள்.

"ஊட்டி" என்று போட்டிருப்பதெல்லாம் ஊட்டியில் இல்லை. கேத்தி, லவ்டேல், குன்னூர் சாலை, ஏன், கோத்தகிரியில் இருப்பதும் அந்தப் பெயரில் வரும். வரைபடத்தில் உதகமண்டலம் ரயில் நிலையத்திலிருந்து தூரம் அளந்து பார்க்க வேண்டும். பாட்டி இருக்கும் குடும்பம் என்றால் படிகளையும் கேட்க வேண்டும். சரிவில் கட்டிய விடுதிகளில் சாலையிலிருந்து 40, 50 படி இறங்கித்தான் ரூம் வரும், படத்தில் அது தெரியாது. போன் செய்து மூன்று கேள்வி: சாலை மட்டத்தில் ரூம் உண்டா, வெந்நீர் எத்தனை மணி வரை, ஐந்து பேருக்கு இந்த விலையா.

ரத்து விதியில் "இலவச ரத்து" என்ற சொல்லைப் பார்த்து நின்றுவிடாமல் அதன் கெடு நாளையும் நேரத்தையும் படிக்க வேண்டும். மே 9 பகல் 2 மணி செக்-இன், 48 மணி நேரத்துக்கு முன் என்றால், மே 7 பகல் 2 மணியோடு முடிந்தது. மலைப்பாதையில் மண்சரிவு என்ற செய்தி பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும். சில நூறு ரூபாய் கூடினாலும், அங்கே போய்ப் பணம் கட்டும் ரூமையே பரிந்துரைக்கிறோம்.

இ-பாஸ், மாற்று வழி

வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் நுழைய ஆன்லைனில் எடுக்கும் அனுமதிதான் இ-பாஸ். ரயிலிலும் அரசுப் பேருந்திலும் போகிறவர்களுக்கு அது வேண்டாம். மலை ரயில் கைவிட்டுப்போய், மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ டாக்ஸி எடுத்தால் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்ற உச்சவரம்பும் வந்தது. பாஸ் இலவசம், தமிழக மின் ஆளுமை முகமையின் இ-பாஸ் தளத்தில் எடுக்க வேண்டும். காசு கேட்கும் தளம் போலி.

சிக்கல் வண்டி எண்ணில் இருக்கிறது. விண்ணப்பத்தில் அதைக் கேட்கிறார்கள், டாக்ஸிக்காரர்களோ முதல் நாள் இரவுதான் எந்த வண்டி என்று சொல்கிறார்கள். சனிக்கிழமை ஒதுக்கீடு அதற்குள் தீர்ந்திருக்கலாம். எனவே டாக்ஸி பேசும்போதே வண்டி எண்ணை வாங்கிவிட வேண்டும், அல்லது நீலகிரிப் பதிவு கொண்ட டிஎன் 43 வண்டியைக் கேட்க வேண்டும். உள்ளூர் வண்டிகளுக்கு விலக்கு உண்டு.

மலை ரயில் ஆசையை முழுவதும் விட வேண்டியதில்லை. பேருந்தில் குன்னூர் வரை போய், அங்கிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போகலாம். அந்தத் துண்டில் ஒரு நாளில் பல நடை உண்டு. பல்சக்கரப் பாதை குன்னூரோடு முடிந்துவிடும் என்பதால் செங்குத்து ஏற்றமும் நீராவி இன்ஜினும் கிடைக்காது, டீசல் இன்ஜின்தான். ஆனால் வெலிங்டன், கேத்தி, லவ்டேல் நிலையங்கள் இந்தப் பக்கம்தான் வருகின்றன.

நீலகிரி எக்ஸ்பிரஸ் கிடைக்காமல், கோவையோடு நிற்கும் வேறு இரவு ரயிலில் இடம் பார்க்கிறவர்கள் நேரத்தைக் கவனிக்க வேண்டும். காலை 6 மணியளவில் கோவையில் இறங்கி, ஏறத்தாழ 35 கி.மீ. தள்ளியிருக்கும் மேட்டுப்பாளையத்தில் 7.10 வண்டியைப் பிடிப்பதை ஐந்து பேரும் பெட்டிகளுமாக நம்பவே கூடாது. தட்கல் என்றால் மே 7 அன்று ஏசிக்குக் காலை 10, மற்றதுக்கு 11 மணி. ஒரு டிக்கெட்டில் 4 பேர்தான். உறுதியான தட்கலை ரத்து செய்தால் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது.

இரண்டு டிக்கெட்டை இணைப்பது

பலரும் செய்யாமல் விடும் ஒரு வேலை. நீலகிரி எக்ஸ்பிரஸ் 6.20 அளவில் வந்து சேர வேண்டும், மலை ரயில் 7.10. வண்டி தாமதமாகி மலை ரயிலைத் தவறவிட்டால், இரண்டும் தனித்தனி டிக்கெட்டாக இருக்கும்வரை இரண்டாவதன் பணம் போனதுதான். 2019 ஏப்ரல் முதல் இரண்டு பிஎன்ஆர்களையும் இணைப்புப் பயணமாகச் சேர்க்கும் வசதி இருக்கிறது. முதல் வண்டியின் தாமதத்தால் இரண்டாவது தவறினால், ரத்துக் கட்டணம் பிடிக்காமல் பணம் திரும்பும். பயணிகளின் விவரம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நம் குடும்பத்தில் பாட்டிக்குத் தனி டிக்கெட், மலை ரயிலில் குழந்தைக்கும் சேர்த்து ஐந்து இருக்கை என்று பிரித்ததால் அப்படியே இணையாது. இணைப்பு முக்கியம் என்று நினைப்பவர்கள் பாட்டிக்கு மலை ரயிலிலும் தனி டிக்கெட் எடுத்து, மற்ற நால்வரையும் இரண்டு ரயிலிலும் ஒரே மாதிரி, குழந்தைக்கு இரவு ரயிலிலும் பெர்த்தோடு, போட வேண்டும். கூடுதலாக ஆவது ஒரு பெர்த் கட்டணம். அதோடு அந்தக் காலையில் எடுக்க வேண்டிய டிக்கெட் இரண்டாகிவிடும், மலை ரயிலில் அது பெரிய விலை. நீலகிரி எக்ஸ்பிரஸ் வந்து சேரும் நேரத்தை ஒட்டியே மலை ரயிலின் நேரம் வைக்கப்பட்டிருப்பதால், எங்கள் தேர்வு இணைக்காமல் விடுவதுதான்.

மழையால் மலை ரயிலே ரத்தானால் ஆன்லைன் டிக்கெட்டின் முழுப் பணமும் தானாகத் திரும்பும், எதுவும் விண்ணப்பிக்க வேண்டாம். வண்டி 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் ஏறவில்லை என்றால் மட்டும், பணத்தைத் திரும்பக் கேட்கும் ஆன்லைன் விண்ணப்பமான டிடிஆர் போட வேண்டும், அதுவும் உங்கள் நிலையத்திலிருந்து அந்த வண்டி உண்மையில் கிளம்புவதற்கு முன். கிளம்பிய பிறகு போட்டால் ஏற்கமாட்டார்கள். மேட்டுப்பாளையம் நடைமேடையில் நின்றபடியே போனில் அதை முடித்துவிட்டு, அதன் பிறகு பேருந்து நிலையத்துக்கு நடக்கலாம்.